நல்லவனாக இருக்க சாமி தேவையா? கீழ்ப்பாக்கத்து சனிக்கிழமை வகுப்பு பற்றி

கட்டணம் 1,500 ரூபாய். எட்டு சனிக்கிழமை, மாலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை, நடுவில் டீயும் ஒரு மசால்வடையும். கீழ்ப்பாக்கத்தில் ஒரு பழைய சபை வளாகத்தின் பின்பக்க ஹாலில் நடக்கிறது. தலைப்பு ‘நவீன கிறிஸ்தவ சிந்தனையில் ஒழுக்கமும் சமயமும்’. தலைப்பைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். நடத்துகிறவர் ஓர் இறையியல் கல்லூரியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற அம்மா. எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

நான் அயனாவரத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். இறையியலுக்கும் எனக்கும் இருந்த சம்பந்தம், சன்டே ஸ்கூலில் மனப்பாட வசனத்துக்கு வாங்கிய எவர்சில்வர் டம்ளரோடு முடிந்துபோனது. அப்புறம் ஏன் போனேன் என்றால், கல்லூரியில் படிக்கும் என் மகள் ஒரு நாள் சாப்பிடும்போது, “சர்ச்சுக்கே போகாதவங்க நம்மளவிட நல்லவங்களா இருக்காங்களேப்பா, அப்புறம் சர்ச் எதுக்கு?” என்று கேட்டாள். அவள் அம்மா, “வாயை மூடிட்டுச் சாப்பிடு” என்று சொல்லிவிட்டாள். அது பதில் இல்லை என்று மூன்று பேருக்குமே தெரியும். அடுத்த வாரம் ஆராதனை முடிந்ததும் இந்த வகுப்பைப் பற்றி அறிவிப்பு வாசித்தார்கள். சரி, போய்ப் பார்க்கலாம் என்று பெயர் கொடுத்தேன்.

முதல் வகுப்பில் பக்தி சமாசாரம் எதுவும் இல்லை. டீச்சர் நேராக கான்ட்டில் ஆரம்பித்தார். ஜெர்மன் தத்துவவாதி, பக்தியான லுத்தரன் வீட்டுப் பிள்ளை. 1785இல் வந்த புத்தகத்தில் அவர் ஒரு கடைக்காரரை உதாரணம் காட்டுகிறார். விவரம் தெரியாத ஆள் வந்தாலும் கடைக்காரர் கூடுதல் விலை சொல்வதில்லை. சின்னப் பிள்ளை காசோடு வந்தாலும் பெரியவர்களுக்குச் சொல்லும் அதே விலைதான். சரி, இவர் யோக்கியர்தானே? அவசரப்படாதீர்கள் என்கிறார் கான்ட். ஏமாற்றினால் வியாபாரம் படுத்துவிடும் என்ற கணக்கில்கூட அவர் அப்படி இருக்கலாம். செயல் சரி. ஆனால் அது கடமைக்காகச் செய்ததா, லாபத்துக்காகச் செய்ததா? லாபத்துக்காக என்றால் அதில் ஒழுக்கத்தின் மதிப்பு எதுவும் இல்லை.

ஹாலில் கடைக்காரன் நான் ஒருவன்தான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் கடை வாசலில் ‘15% தள்ளுபடி’ என்று போர்டு தொங்குகிறது. எதிர்க் கடையில் 18 போட்டிருக்கிறான். டாக்டர் சீட்டு இல்லாமல், பதற்றத்துக்குக் கொடுக்கிற அல்பிரசோலம் மாத்திரை கேட்டால் நான் கொடுப்பதில்லை. எங்கள் சபை மூப்பர் ஒருவர், “நமக்குள்ள என்ன தம்பி” என்று உரிமையோடு வந்து கேட்டபோதும் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை? டிரக் இன்ஸ்பெக்டர் வருவார் என்ற பயமா, அந்த மனிதர் மாத்திரைக்கு அடிமையாகிவிடக் கூடாது என்ற அக்கறையா, ஆண்டவர் பார்க்கிறார் என்ற நினைப்பா? டீச்சர் இதையே எடுத்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நடத்தினார். முதலாவது பயம், கணக்கில் சேராது. மூன்றாவதும் தண்டனைக்குப் பயந்து செய்தது என்றால் அதுவும் முதலாவதைப் போலத்தான், இன்ஸ்பெக்டர் மட்டும் கொஞ்சம் பெரியவர். “நாங்க மூணு காரணத்தையும் சேர்த்துதான் வாழுறோம் டீச்சர், கான்ட் கடை நடத்தியிருக்காரா?” என்று கேட்டேன். டீச்சர் சிரித்துவிட்டு, அந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கச் சொல்வதுதான் கான்ட்டின் வேலை, கடை நடத்துவது உங்கள் வேலை என்றார்.

கான்ட் கடவுளைத் தூக்கி எறியவில்லை என்பது எனக்குப் புதுச் செய்தி. 1793இல் சமயத்தைப் பற்றி எழுதிய நூலின் முன்னுரையிலேயே, கடமை என்ன என்று தெரிந்துகொள்ள மனிதனுக்கு மேலே இன்னொருவர் தேவையில்லை என்கிறார். அதே முன்னுரையில், ஒழுக்கம் கடைசியில் சமயத்துக்குத்தான் கொண்டுபோய் விடும் என்றும் சொல்கிறார். நல்லவன் படுகிற பாடும் கெட்டவன் வாழ்கிற வாழ்வும் என்றைக்காவது நேராகும் என்று நம்ப ஓர் ஆள் வேண்டுமே, அதற்குத்தான் கடவுள். நாம் சின்ன வயதிலிருந்து கேட்டது கடவுள் முதலில், ஒழுக்கம் பின்னால். இங்கே வரிசையே தலைகீழ்.

இதற்காக அவர் அரசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையை டீச்சர் சொன்ன விதத்துக்கே ஐநூறு ரூபாய் கொடுக்கலாம். 1794இல் பிரஷ்ய அரசர் இரண்டாம் ஃபிரடெரிக் வில்லியமிடமிருந்து கண்டன ஓலை வந்தது. இனிமேல் சமயத்தைப் பற்றி எழுதமாட்டேன் என்று கான்ட் பதில் போட்டார், ‘மாட்சிமை தங்கிய தங்களின் மிக விசுவாசமான பிரஜையாக’ என்ற சொற்களைச் சேர்த்து. 1797இல் அரசர் இறந்தார். அடுத்த வருஷமே சமயத்தைப் பற்றிப் பேசுகிற அவருடைய இன்னொரு புத்தகம் வந்துவிட்டது. நான் ‘தங்களின்’ பிரஜையாகத்தானே வாக்குக் கொடுத்தேன், நீங்கள் போன பிறகு வாக்கு ஏது என்று விளக்கம் வேறு. கொலைகாரன் கதவைத் தட்டி உன் நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797இல் எழுதிய அதே மனிதர். ஹாலில் இருந்த ஹைகோர்ட் வக்கீல் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார்.

இரண்டாவது வகுப்பு ஷ்லையர்மாக்கர் என்ற ஜெர்மன் இறையியலாளர். சமயம் அறிவும் இல்லை, ஒழுக்கமும் இல்லை, அது தனி உணர்வு என்று 1799இல் சொன்னவர். முக்கியமானவர் என்றார்கள். எனக்குத் தூக்கம் வந்தது. ஃபேன் வேறு நேராக என் தலைக்கு மேலே.

டென்மார்க் சிந்தனையாளர் கீர்க்ககார்ட் பற்றிய வகுப்பில் தூங்க முடியவில்லை. கடவுள் கேட்டார் என்று ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட மோரியாவுக்குக் கூட்டிப்போன கதை நமக்குக் கண்ணை மூடினாலும் வரும். சன்டே ஸ்கூலில் அதைக் கீழ்ப்படிதல் பாடமாக, கடைசியில் பிள்ளைக்குப் பதிலாகப் புதரில் மாட்டிய ஆட்டுக்கடாவின் படத்தோடு முடித்துவிடுவார்கள். 1843இல் புனைபெயரில் எழுதிய நூலில் கீர்க்ககார்ட் ஆட்டுக்கடாவுக்கு அவ்வளவு சீக்கிரம் வர விடுவதில்லை. மூன்று நாள் நடக்கிறார்களே, அந்த மூன்று நாளும் ஆபிரகாம் என்ன நினைத்திருப்பார்? ஒழுக்கத்தின் கண்ணால் பார்த்தால் அது கொலை முயற்சி. விசுவாசத்தின் கண்ணால் பார்த்தால் பலி. இரண்டும் ஒரே செயல். அப்படியென்றால் விசுவாசம் ஒழுக்கத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக நிறுத்திவைக்க முடியுமா? பின்வரிசையில் கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு பெண் எழுந்து, “பிள்ளையைப் பெத்த சாராள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?” என்றார். அதற்குப் பிறகு டீச்சர் பேச முயன்றதெல்லாம் எடுபடவில்லை, ஹாலே இரண்டாகப் பிரிந்துவிட்டது. இதே விஷயத்தைக் கான்ட்டும் பேசியிருக்கிறார்: பிள்ளையைக் கொல்லாதே என்பது உறுதி, அந்தக் குரல் கடவுளுடையது என்பதுதான் உறுதியில்லை. எனக்கு அது போதும் என்று தோன்றியது. ஒரு போதகர் மட்டும், அப்படிச் சொன்னால் பைபிளில் பாதியை அடைத்துவைக்க வேண்டியதுதான் என்று முனகினார். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது.

இந்த வகுப்பின் உயிர் நான்காவது, ஐந்தாவது வாரங்களில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் நல்ல கிறிஸ்தவன் என்றால் நல்ல குடிமகன் என்று ஆகிப்போயிருந்தது. சமயமும் ஒழுக்கமும் பண்பாடும் ஒரே குழம்பு. 1914 அக்டோபரில் 93 ஜெர்மன் அறிஞர்கள் போரை நியாயப்படுத்தி அறிக்கை வெளியிட்டார்கள். சுவிட்சர்லாந்தில் சாஃபன்வில் என்ற ஊரில் போதகராக, ஆலைத் தொழிலாளிகளுக்காகப் பேசியதால் ‘சிவப்புப் போதகர்’ என்று பெயர் எடுத்திருந்த கார்ல் பார்த் அந்தப் பட்டியலைப் பார்த்தபோது, தனக்கு இறையியல் சொல்லிக்கொடுத்த ஹார்னாக், ஹெர்மன் ஆகியோர் பெயரும் அதில் இருந்தது. அவர்களுடைய ஒழுக்கம் இவ்வளவுதான் என்றால் அவர்களுடைய இறையியலும் அவ்வளவுதான் என்று அவர் முடிவுக்கு வந்தார். பைபிளில் உள்ள ரோமர் நிருபத்துக்கு அவர் எழுதிய உரையின் இரண்டாம் பதிப்பு 1922இல் வந்தது. மனிதன் கட்டிய சமயமும், அதன்மேல் சாய்த்து வைத்த ஒழுக்கமும் இரண்டுமே கடவுளின் தீர்ப்புக்குக் கீழே என்கிற நூல். 1934 மே மாதம் பார்மன் நகரில், ஹிட்லருக்கு ஆமாம் போட்ட சபைகளுக்கு எதிராக வந்த அறிக்கையை எழுதியதிலும் அவர் கைதான் பெரிது.

ஜெர்மன் போதகர் போன்ஹோஃபரின் பெயரை நம் சபைகளில் ‘மலிவான கிருபை’ என்ற ஒரு சொல்லுக்காக மட்டும் எடுப்பார்கள். 1937இல் எழுதியது. மன்னிப்பு உண்டு, மனந்திரும்புதல் இல்லை. ஞானஸ்நானம் உண்டு, சபை ஒழுங்கு இல்லை. நம்ம ஊர்ப் பாஷையில், ஞாயிற்றுக்கிழமை ‘அறிக்கையிட்டாச்சு’, திங்கட்கிழமை பழைய கணக்கு. இது வரைக்கும் எனக்கும் தெரியும். ஆனால் அவர் செத்த பிறகு 1949இல் வெளிவந்த அறநெறி நூலின் தொடக்கத்தை டீச்சர் விளக்கியபோது நான் நோட்டில் எழுதுவதையே நிறுத்திவிட்டேன். நன்மை எது தீமை எது என்று அறிவதுதான் எல்லா அறநெறிக்கும் குறிக்கோள் என்று நினைக்கிறோம், கிறிஸ்தவ அறநெறியின் முதல் வேலை அந்த அறிவைச் செல்லாமல் ஆக்குவது என்கிறார். ஆதாமும் ஏவாளும் தின்றது எந்த மரத்துப் பழம்? நன்மை தீமை அறியத்தக்க விருட்சம். அதாவது, நான் சரி, அவன் தப்பு என்று நீதிபதி நாற்காலியில் ஏறி உட்காருகிறோமே, விழுகை அங்கேதான் ஆரம்பம்.

சொன்னவர் சும்மா சொல்லவில்லை. ஹிட்லரைக் கொல்லும் சதியில் சம்பந்தப்பட்டவர். அதை அவர் நியாயப்படுத்திப் பேசவில்லை, பழியைச் சுமக்க வேண்டியிருக்கிறது என்றுதான் எழுதினார். 1945 ஏப்ரல் 9, ஃப்ளாசன்பூர்க் முகாமில் தூக்கு. வயது 39. அவர் காந்தியின் ஆசிரமத்துக்கு வர விரும்பி, 1934இல் காந்தியும் வரச் சொல்லிக் கடிதம் எழுதினார் என்பதைக் கேட்டபோது ஹாலில் ஒரு சலசலப்பு. வரவில்லை. ஜெர்மனிக்குத் திரும்பி, போதகர்களைப் பயிற்றுவிக்கப் போய்விட்டார்.

என் மகளின் கேள்விக்கு இந்த இடத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. சமயம் மனிதனை நல்லவனாக்குகிறது என்று நம் பக்கத்தில் பிரசங்கம் பண்ணுகிறார்கள். பார்த், போன்ஹோஃபர் இரண்டு பேரும் அப்படிச் சொல்லவே இல்லை. நல்லவன் என்ற பட்டத்துக்காகச் சமயத்தை வைத்திருந்தால் அதுதான் ஆபத்து என்கிறார்கள். சர்ச்சுக்குப் போகாதவர்கள் நல்லவர்களாக இருப்பதில் இவர்களுக்கு எந்தச் சங்கடமும் இல்லை. சங்கடமெல்லாம் போகிறவர்களைப் பற்றித்தான்.

ஆறாவது வாரம் நம்ம ஊர். 1820இல் கல்கத்தாவில் ராம்மோகன் ராய், சுவிசேஷங்களிலிருந்து அற்புதங்களையும் கொள்கை விஷயங்களையும் விட்டுவிட்டு இயேசுவின் நீதிபோதனைகளை மட்டும் தொகுத்து வெளியிட்டார். செராம்பூர் மிஷனரி மார்ஷ்மன் கொதித்துப் போனார்: சிலுவையை எடுத்துவிட்டு மலைப்பிரசங்கத்தை மட்டும் வைத்துக்கொள்வதா? மறுப்பு, அதற்கு மறுப்பு என்று மூன்று வருஷம் போனது. ராயின் மூன்றாவது பதிலை பாப்டிஸ்ட் அச்சகம் அடிக்க மறுத்ததால் அவரே அச்சகம் போட்டார். நடுவில் வில்லியம் ஆடம் என்ற பாப்டிஸ்ட் மிஷனரி, ராயைத் திருத்தப் போய் அவர் பக்கமே சாய்ந்துவிட்டார். ஆடம் என்றால் ஆதாம்தானே, ‘விழுந்த இரண்டாம் ஆதாம்’ என்று கேலி பண்ணினார்களாம். ஒழுக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட முடியுமா என்ற கேள்வியை ஐரோப்பியர்கள் தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே ஒருவர் செய்தே காட்டிவிட்டார்.

வகுப்புக்கு வந்தவர்களில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் உண்டு. நெற்றியில் திருநீறு, கையில் குடை, யார் கூப்பிட்டு வந்தார் என்று தெரியாது. அன்றைக்கு அவர் கேட்டார்: “மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்து அறன்னு வள்ளுவர் ஒரே வரியில சொல்லிட்டாரே. அதுல கிறிஸ்து எங்க இருக்கார், எங்க இல்ல?” டீச்சர் மழுப்பவில்லை. ஜி. யூ. போப் 1886இல் குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது, மயிலாப்பூர்க் கடற்கரையில் வள்ளுவர் கிறிஸ்தவப் போதகர்களோடு உலாவியதாகக் கற்பனை பண்ணி எழுதியதைச் சொன்னார். இவ்வளவு உயர்ந்த அறம் கிறிஸ்துவைக் கேள்விப்படாமல் வந்திருக்கும் என்று போப்பால் நம்ப முடியவில்லை, அது குறளின் குறை இல்லை, போப்பின் இறையியலில் இருந்த குறை என்றார். பெரியவர் குடையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். 1938 டிசம்பரில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் நடந்த உலக மிஷனரி மாநாடும் இதே கேள்வியில்தான் முட்டிக்கொண்டது என்று டீச்சர் தொடர்ந்தார். டச்சுக்காரர் கிரேமர் ஒரு பக்கம், நம்ம சென்னைப்பக்கத்து செஞ்சையா, சக்கரை இன்னொரு பக்கம். சக்கரை பின்னாளில் சென்னை மேயராகவும் இருந்தவர். நேரமில்லை என்று இதைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். இதற்கே தனி வகுப்பு வைத்திருக்கலாம்.

கத்தோலிக்கர் பங்கு இன்னும் மோசம், ஏழாவது வாரத்தில் ஒரு மணி நேரம். பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒரு நர்ஸ் சிஸ்டர் அதைக் கேட்டே விட்டார். 1875இல் ஆங்கிலேயக் கத்தோலிக்கர் நியூமன், விருந்தில் வாழ்த்துச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் மனசாட்சிக்கு, அப்புறம்தான் போப்பாண்டவருக்கு என்று எழுதியது. 1965இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் மனசாட்சியை மனிதனின் கர்ப்பக்கிரகம் என்கிற அளவுக்கு உயர்த்தியது. 1993இல் போப்பாண்டவர் இரண்டாம் யோவான் பவுல், மனசாட்சி தன் இஷ்டத்துக்குச் சட்டம் போட முடியாது என்று கயிற்றை இழுத்துப் பிடித்தது. மூன்றும் வந்தது, ஓட்டமாக வந்தது. ஆன்ஸ்கோம் என்ற கத்தோலிக்கத் தத்துவப் பேராசிரியை 1958இல் எழுதிய ஒரு கட்டுரை மட்டும் நன்றாக நின்றது. சட்டம் கொடுத்த கடவுளை விட்டுவிட்டு, ‘செய்தே ஆக வேண்டும்’ என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டிருப்பது, குற்றவியல் நீதிமன்றங்களை மூடிய பிறகும் ‘குற்றவாளி’ என்று சொல்லிக்கொண்டிருப்பது போலத்தான் என்கிறார். கான்ட்டுக்கு இது நேரடி அடி. நம்ம வக்கீல் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

இப்போது என் பெரிய புகார். கடைசி வகுப்பு ‘சமுதாயமும் அறநெறியும்’. அதில் சாதிக்குக் கிடைத்தது அரை மணி நேரம். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைகளில் சாதி இருக்கவே கூடாது, உடனே, முற்றாக விட்டாக வேண்டும் என்று தென்னிந்தியாவுக்குக் கடிதம் எழுதியதைச் சொன்னார்கள். 1981இல் பெங்களூரில் இறையியலாளர் அரவிந்த் நிர்மல் பேசிய பேச்சிலிருந்து தலித் இறையியல் பிறந்ததையும், அவர் பிறகு இதே கீழ்ப்பாக்கத்தில் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் அதற்கான துறையில் இருந்ததையும் சொன்னார்கள். அவ்வளவுதான், கேள்விக்கு நேரமில்லை, ஸ்தோத்திரம், ஜெபம். கான்ட்டின் கடைக்காரனை அவ்வளவு அலசியவர்கள், எங்கள் சபை மாத இதழின் கடைசிப் பக்கத்தை ஐந்து நிமிஷமாவது எடுத்து வாசித்திருக்க வேண்டாமா? ‘இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற’ மணமகள் தேவை என்று ஒரு வரி, அடுத்த வரியிலேயே சாதியின் பெயர். ஒழுக்கமும் சமயமும் சென்னையில் எங்கே சந்தித்து எங்கே பிரிகின்றன என்பதற்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. டீச்சரிடம் தனியாகச் சொன்னேன். மறுக்கவில்லை. பாடத்திட்டம் தான் போட்டதில்லை என்று மட்டும் சொன்னார். யார் போட்டது என்று நானும் கேட்கவில்லை.

சில்லறை விஷயங்கள். நோட்ஸ் முழுக்க ஆங்கிலம், அதுவும் பல தடவை ஜெராக்ஸ் எடுத்து எழுத்தெல்லாம் கரைந்துபோனது. பேச்சு நல்ல தமிழில் இருக்கும்போது காகிதம் மட்டும் ஏன் இப்படி? மைக் கீச்சிடும், முன் நாலு வரிசையில் உட்கார்ந்தால் மைக்கே வேண்டாம். கொசு உண்டு. பைக் நிறுத்த இடமில்லை. கீழ்ப்பாக்கம் மெடிக்கல் காலேஜ் மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடிப்பது நல்லது. மழை நாளில் புரசைவாக்கம் வழியாக வருகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். வடை பிரமாதம்.

கடவுள் இருக்கிறாரா இல்லையா என்று வாதாட வருகிறவர்களுக்கு இது சரிப்படாது, டீச்சர் அந்தப் பக்கமே போகமாட்டார். ‘கிறிஸ்தவன் இதைச் செய்யலாமா, கூடாதா’ என்று பட்டியல் எதிர்பார்க்கிறவர்களும் ஏமாந்துதான் போவார்கள். கருக்கலைப்பு, மது, சீட்டுக்கட்டு என்று ஒருவர் பட்டியலோடே வந்திருந்தார், மூன்றாவது வாரத்தோடு காணோம். போதகர்களும் சன்டே ஸ்கூல் எடுக்கிறவர்களும் அவசியம் போக வேண்டும். வேறு மதத்தவர்கள் தயங்க வேண்டாம். எங்கள் வகுப்பில் நல்ல கேள்விகளில் பாதி அந்தக் குடைக்காரப் பெரியவர் கேட்டது.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். போன்ஹோஃபர் வாரத்துக்கு மட்டும் ஐந்து, சாதி வாரத்துக்கு ஒன்று. அடுத்த வகுப்பு ஈஸ்டர் முடிந்ததும் தொடங்கும் என்றார்கள். பணம் ரொக்கமாக மட்டும் வாங்குகிறார்கள், ரசீது கேட்டால்தான் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம். என் மகளுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன், அவள் அம்மாவும் வருகிறாளாம்.